தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் அடுப்பு

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மயில்சாமி அடுப்பின் கதவைத் திறந்து பார்த்தார். மூடினார். மீசையை ஒரு தடவை நீவிவிட்டுக்கொண்டு மறுபடியும் திறந்தார். முதல் தடவை உள்ளே என்ன இருந்ததோ அதேதான் இரண்டாவது தடவையும் இருந்தது.

"சௌந்திரம், சித்தெ இங்க வா."

சமையலறையிலிருந்து அவர் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஏனுங்க?"

"நேத்துப் பொழுதோட கைப்பிடியைத் தள்ளுனியா?"

"தள்ளாம இருப்பனுங்களா? கால் மூஞ்சி கழுவிட்டு வந்துதான் தள்ளுனேன். செகப்பு லைட்டும் எரிஞ்சுது."

"அப்புறம் இது என்ன?"

சௌந்திரம் குனிந்து பார்த்தாள். அடுப்பின் உள்ளே மேல், கீழ், பக்கவாட்டு என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் கருப்பாக இருந்தது. கோழி நெய் வழிந்த இடத்தில் வெல்லப்பாகு ஒட்டியிருந்தது. வெல்லப்பாகின் மேல் முட்டை தீய்ந்திருந்தது. மேல்தகட்டில் ஒரு கறிவேப்பிலை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது எப்படி அங்கே போனது என்று யோசிக்கிற நிலையில் இருவருமே இல்லை.

"இன்னும் சித்தெ நேரம் கழிச்சுக் கழுவிக்குமாட்ட இருக்குதுங்க," என்றாள் சௌந்திரம்.

"ரெண்டு வருசத்துல ஒரு நாள் தவறலியே. இன்னைக்கு மட்டும் என்ன கேடு?"

கேடு அடுப்புக்கு அல்ல. மயில்சாமியின் மீசைக்கு. அது எப்படி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மயில்சாமி திருச்செங்கோட்டில் இரண்டு ரிக் லாரிகளுக்குச் சொந்தக்காரர். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற இயந்திரத்தை முதுகில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகிற லாரிகள் அவை. எந்த ஊரில் எவ்வளவு பெரிய பாறை இருந்தாலும் அதைத் துளைத்துத் தண்ணீர் காட்டிவிடுவார் என்று பேர் வாங்கியவர். ஆனால் ஊரில் அவருக்குப் பேர் இருந்தது ரிக்கினால் அல்ல. ஒன்று, மீசை. இன்னொன்று, அமெரிக்கா அடுப்பு.

மீசை சொந்தமாக வளர்த்தது. அடுப்பு, எண்பத்து மூன்றாம் வருஷம் சௌந்திரத்தின் தம்பி அனுப்பியது. அமெரிக்காவில் டாக்டராக இருக்கும் அவன் வீடு மாற்றும்போது, தூக்கிப்போட மனம் வராமல் அக்காவுக்குக் கப்பலேற்றிவிட்டான். சென்னைத் துறைமுகத்திலிருந்து அது ரிக் லாரியில், மாலை போட்டு, திருச்செங்கோடு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு கடிதமும் இருந்தது. 'அக்கா, இது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் அடுப்பு. சமைத்து முடித்ததும் மேலே இருக்கிற கைப்பிடியை வலது பக்கமாகத் தள்ளினால் போதும்.'

அடுப்பைச் சமையலறையில் வைக்க இடமிருந்தது. ஆனால் அங்கே வைத்தால் யார் பார்ப்பார்கள்? ஹாலில், டெலிவிஷனுக்குப் பக்கத்தில், தாத்தா படத்துக்கு நேர் கீழே வைத்தார் மயில்சாமி. வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் முதலில் காப்பி, அப்புறம் அடுப்பு, அப்புறம்தான் வந்த காரியம்.

அதில் வேர்க்கடலை வறுத்தார்கள். மரவள்ளிக் கிழங்கு சுட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் முழுக்கோழியை உள்ளே உட்கார வைத்தார்கள். பொழுது சாய்ந்ததும் சௌந்திரம் கால் கழுவிவிட்டு வந்து கைப்பிடியைத் தள்ளுவாள். சிவப்பு விளக்கு எரியும். மறுநாள் காலை ஏழு மணிக்குக் காப்பி குடிப்பதற்கு முன்னால் மயில்சாமி கதவைத் திறப்பார். உள்ளே குனிந்தால் தன் மீசை தனக்கே தெரிகிற அளவுக்குப் பளபளவென்று இருக்கும். அமெரிக்காக்காரன் மேல் அவருக்கு இருந்த மரியாதை ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் கூடும்.

இந்த மரியாதையைத்தான் ரிக் முதலாளிகள் சங்கத்தில், போன வாரம், வேலுமணி சீண்டிவிட்டார். வேலுமணி மயில்சாமிக்குப் பங்காளி. மூன்று ரிக் வைத்திருப்பவர். அந்த ஒரு ரிக் வித்தியாசம் இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

"ஏம் பங்காளி, பூனை தன்னைத்தானே நக்கிக்கும். மாடு நக்கிக்கும். தகரம் எப்படி நக்கிக்கும்?" என்றார் வேலுமணி, சங்கம் முழுக்கக் கேட்கும்படி.

"அமெரிக்காத் தகரம் நக்கும்."

"நக்கலீன்னா?"

"மீசையை எடுத்துக்கறேன்," என்றார் மயில்சாமி. வாயிலிருந்து அது வந்த பிறகுதான் மீசைக்கே விஷயம் தெரிந்திருக்கும்.

"சரி. நக்கிப்போட்டுதுன்னா என்ற மீசையை நான் எடுத்துக்கறேன்," என்றார் வேலுமணி. சங்கத்தில் பதினெட்டு பேர் சாட்சி.

புதன்கிழமை மத்தியானம் வேலுமணி விருந்துக்கு வந்தார். விருந்து என்று பேர். உண்மையில் அடுப்பை அழுக்காக்க வந்தார். இரண்டு சேவலைத் தட்டு வைக்காமல் கம்பி மேல் படுக்க வைத்தார். வெல்லப்பாகைத் தன் கையாலேயே ஊற்றினார். நெய், தேங்காயெண்ணெய், ஒரு முட்டை. எல்லாம் ஆன பிறகு டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். மயில்சாமி வேறு அடுப்பை மாற்றி வைத்துவிடுவாரோ என்று கைப்பிடியின் அடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டார்.

"ஆத்தூர்ப் பக்கம் ஒரு போர் போட்டுட்டு ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு வாரேன். சலூன் மாதையனையும் கூட்டியாறேன்."

"ஞாயித்துக்கெழமை எதுக்கு? நாளைக்குக் காலைல வந்து பாரு," என்றார் மயில்சாமி. அந்த அளவுக்கு நம்பிக்கை.

அன்று காலையில்தான் வேலைக்காரி குப்பாயி, பரமத்தி வேலூர்ப் பக்கம் தன் ஊரில் மாரியம்மன் நோம்பி என்று நாலு நாள் லீவு கேட்டு வந்து நின்றிருந்தாள். விருந்து நாளும் அதுவுமாக என்று சௌந்திரம் முகத்தைச் சுளித்தாள். மயில்சாமிதான் தாராளமாக, "போயிட்டு வா. அமெரிக்காவுல உன்னாட்டம் ஆளே கெடையாது, தெரியுமா? எல்லாம் தன்னால நடந்துக்குது," என்று வழியனுப்பினார்.

"அப்படீங்களா சாமி? குடுத்து வெச்சவிய," என்றுவிட்டு, பாத்திரம் கழுவத் தன் தங்கச்சி ஆத்தாயியை வரச் சொல்லிவிட்டு, குப்பாயி பஸ் ஏறிவிட்டாள்.

ஆக, இப்போது வியாழக்கிழமை. மீசைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"எல்லாம் உங்க பங்காளி கண்ணுங்க," என்றாள் சௌந்திரம். "டார்ச் அடிச்சு அடிச்சுப் பாத்தாரே, அப்பவே எனக்குப் பக்குன்னுச்சு."

எலுமிச்சம்பழத்தை நாலாக அறுத்துக் குங்குமம் தடவி அடுப்பின் நாலு காலிலும் வைத்தாள். ரிக் லாரிக்குச் சுற்றுவதுபோல் பூசணிக்காய் சுற்றி வாசலில் உடைத்தாள். பிறகு கைப்பிடியை மறுபடி தள்ளினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மத்தியானம் வரைக்கும் காத்திருந்து திறந்து பார்த்ததில், கறிவேப்பிலை மட்டும் கீழே விழுந்திருந்தது.

"கூட வந்த பொஸ்தகத்தை எடு," என்றார் மயில்சாமி.

அடுப்போடு வந்த ஆங்கிலப் புத்தகம் பூஜை அலமாரியில் இருந்தது. இரண்டு ஆயுத பூஜைக்கு அதற்கு மஞ்சளும் சந்தனமும் பூசிக் கும்பிட்டிருந்ததால் பக்கங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே பலகையாகிவிட்டது. கத்தியால் நெம்பித் திறந்ததில் ஒரு படம் மட்டும் கிடைத்தது. அதில் ஒரு வெள்ளைக்காரி அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மயில்சாமி காளியண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். காளியண்ணன் மூத்த ரிக்கின் டிரில்லர். இருபது வருஷமாகப் பாறை துளைப்பவன். உலகத்தில் இரண்டே பொருள்தான் உண்டு என்பது அவன் அபிப்பிராயம். ஒன்று மண், இன்னொன்று பாறை. உள்ளே கையை விட்டு விரலால் தட்டிப் பார்த்தான்.

"இது வோல்ட்டேஜ் பத்தலீங்க மொதலாளி. அமெரிக்கா மெசினு, நம்மூரு கரண்டுக்கு எப்படிங்க வேலை செய்யும்?"

"ரெண்டு வருசமா செஞ்சுதே."

"அதுதானுங்க, இழுத்துப் புடிச்சு செஞ்சிருக்குது. இப்ப ஓஞ்சு போச்சு. நம்ம ஒர்க்‌ஷாப்பு ஜெனரேட்டரைக் கொண்டாந்து போட்டா எந்திரிச்சுக்கும்."

ஜெனரேட்டர் வந்தது. அது கிளம்பிய சத்தத்தில் தாத்தா படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காளியண்ணன் வயரைச் சொருகி, சூடு கூட்டுகிற திருகியை அது போகிற மட்டும் திருப்பி, கைப்பிடியைத் தள்ளினான். இந்தத் தடவை சிவப்பு விளக்கு எரியவில்லை, வெடித்தது. ஆனால் அடுப்பு சூடாகிவிட்டது. அது இதுவரைக்கும் சூடானதே இல்லை என்று சொல்லும்படியான சூடு. கொஞ்ச நேரத்தில் வெல்லம் கருகும் வாசனையும், அதற்கு அப்புறம் இறக்கை பொசுக்கும் வாசனையும் வந்தன. அதற்கும் அப்புறம் வந்தது புகை.

ஹாலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஜானகியம்மாள் ஜன்னலில் புகையைப் பார்த்துவிட்டு, நல்ல மனசோடு, ஒரு குடம் தண்ணீரை ஜன்னல் வழியாக வீசினாள். அது நெருப்பில் விழவில்லை, நெருப்பே இல்லாததால். மூச்சு வாங்க ஜன்னலுக்கு வந்து நின்ற மயில்சாமியின் முகத்தில் விழுந்தது. மீசை இரண்டு பக்கமும் கீழே தொங்கிவிட்டது.

"மயில்சாமிங்களா? நான் திருடனோன்னு பாத்தேன்," என்றாள் ஜானகியம்மாள். மீசை நிமிர்ந்து நிற்காத மயில்சாமியை அவள் அதுவரை பார்த்ததில்லை.

புகை அடங்கிய பிறகு கதவைத் திறந்தார்கள். அழுக்கு போகவில்லை. இறுகியிருந்தது. காளியண்ணன் விரலால் தட்டினான். டங் என்றது.

"முன்னே மண்ணா இருந்துச்சுங்க. இப்ப பாறை ஆயிருச்சு," என்றான். அவன் குரலில் ஒரு சந்தோஷம் இருந்ததை மயில்சாமி கவனித்தார்.

"மீசை போவப்போவுது, உனக்குச் சிரிப்பு வருதா?"

"இல்லீங்க மொதலாளி. பாறைன்னு ஆயிட்டா நம்ம கைக்கு வந்துருச்சுங்கல்ல, அதுக்குத்தான்."

உளியும் சுத்தியலும் வேண்டாம் என்று சௌந்திரம் அழாத குறையாகச் சொல்லிவிட்டாள். தம்பி வந்து கேட்டால் என்ன சொல்வது? அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம், தெரிந்த சாயப்பட்டறை ஒன்றிலிருந்து ஒரு டப்பா காஸ்டிக் சோடா வந்தது. துணியில் இருக்கிற எந்தக் கறையையும் தின்றுவிடும் என்று கொடுத்தவர் சொன்னார். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு காளியண்ணன் அதைக் கரைத்து உள்ளே பூசினான்.

காஸ்டிக் சோடா தின்றது. முதலில் கதவுக்கு மேலே இருந்த எழுத்துகளையும் எண்களையும் தின்றது. அப்புறம் கைப்பிடியில் இருந்த வெள்ளி முலாமைத் தின்றது. அழுக்கின் மேல்தோலை மட்டும் இளக்கி, கருப்புக் குழம்பாக்கி, கதவு இடுக்கு வழியாக மொசைக் தரையில் இறக்கியது. தரையில் அது போட்ட கோடு, சௌந்திரத்தின் புது நைலான் புடவையில் போய் முடிந்தது. பாறை மட்டும் அப்படியே இருந்தது.

ஆத்தாயி பாத்திரம் கழுவ வந்தவள் ஹாலை எட்டிப் பார்த்தாள். "இதையும் நான்தான் தொடைக்கோணுமுங்களா? அக்கா பாத்திரம் மட்டுந்தான்னு சொன்னா," என்றுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் மயில்சாமி கண்ணாடி முன்னால் வெகு நேரம் நின்றார். இருபத்திரண்டு வயதில் வைத்த மீசை. அதை முறுக்கித்தான் முதல் ரிக் வாங்கினார். அதை முறுக்கித்தான் முதல் பாறையில் தண்ணீர் வராதபோது ஊர்க்காரர்களிடமிருந்து தப்பி வந்தார். ராயலசீமையில் ஒரு ஊரில் அவரை 'மீசை சேட்' என்றே கூப்பிட்டார்கள். அது போய்விட்டால் அந்த ஊரில் அவரை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று நினைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பி வைத்தார்.

"காளியண்ணா," என்றார் வெளியே வந்து. "நம்ம ரிக்குல பாறைத் தூளை எது வெளிய தள்ளுது?"

"காத்துங்க. கம்ப்ரசர் காத்து."

"அறுநூறு அடிக்குக் கீழ இருக்கற தூளையே தள்ளுதல்ல?"

"தள்ளுமுங்க."

"இது ரெண்டு அடி."

காளியண்ணன் முதலாளியைப் பெருமையோடு பார்த்தான். இப்படி ஒரு யோசனை தனக்கு வரவில்லையே என்ற வருத்தமும் அதில் இருந்தது.

ரிக் லாரி தெருவுக்குள் ரிவர்ஸில் வந்தது. ஜானகியம்மாள் வீட்டுத் திண்ணையில் ஒரு மூலையைப் பெயர்த்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. கம்ப்ரசரிலிருந்து தொடை தடிமனுக்கு ஒரு ரப்பர் குழாய் ஜன்னல் வழியாக ஹாலுக்குள் நுழைந்தது. காளியண்ணன் அதன் வாயை அடுப்புக்குள் திணித்துக்கொண்டு மண்டி போட்டான். மயில்சாமி பின்னால் நின்று அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை பவுண்டு வெக்கட்டுமுங்க?" என்று லாரியிலிருந்து ஆபரேட்டர் கேட்டான்.

"கருங்கல்லுக்கு வெக்கறதை வையி," என்றார் மயில்சாமி.

காற்று வந்தது. காளியண்ணன் பின்னால் போனான். அவனோடு மயில்சாமியும் போனார். குழாய் மட்டும் ஹாலுக்குள் தன் இஷ்டத்துக்கு எழுந்து ஆடியது. காஸ்டிக் சோடா இளக்கி வைத்திருந்த கருப்பு மொத்தமும் அடுப்பிலிருந்து கிளம்பி, பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில், கூரையில், டெலிவிஷனில், தாத்தா படத்தில், காலண்டரில் இருந்த பிள்ளையாரில் சமமாகப் போய் உட்கார்ந்தது. காலண்டர் தானே ஆடி மாதத்துக்குப் போய்விட்டது. ஆபரேட்டர் நிறுத்துவதற்குள் ஜன்னல் கண்ணாடி இரண்டு போயின.

சத்தம் ஓய்ந்தபோது ஹாலில் வெள்ளையாக இருந்தது மயில்சாமியின் பல் மட்டும்தான். அதுவும் சிரிப்பினால் தெரியவில்லை.

மண்டியிட்டு உள்ளே பார்த்தார். ஹாலில் இருந்த எல்லாம் அடுப்பாகிவிட்டது. அடுப்பு மட்டும் அப்படியே இருந்தது. அடிப்பாறையில் ஒரு கீறல்கூட இல்லை.

"இதுக்கு மேல வெடி வெக்கறதுதானுங்க பாக்கி," என்றான் காளியண்ணன்.

"நீ ஊட்டுக்குப் போ," என்றார் மயில்சாமி.

சாயங்காலம் அவர் ஒரு பழைய போர்வையை எடுத்து அடுப்பை மூடினார். பார்க்கவே பிடிக்கவில்லை. சௌந்திரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வெசனப்படாதீங்க. மீசை இல்லாம கலியாணத்தப்ப இருந்தாப்பல இருப்பீங்க."

"கலியாணப் போட்டோவுல மீசை இருக்குதே."

"அது ஸ்டூடியோக்காரன் மையில எழுதுனதுங்க. அப்ப உங்களுக்கு வெறும் பூனை மயிரு. எங்கம்மா காசு குடுத்து எழுதச் சொன்னாங்க."

இருபது வருஷமாக இந்த விஷயம் மயில்சாமிக்குத் தெரியாது. அன்று அவருக்கு இருந்த துக்கத்தில் இது எதிலும் சேரவில்லை. ஆனாலும் மனைவி தன்னோடு உட்கார்ந்திருப்பது நன்றாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இருவர் கைகளும் கருப்பாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஹால் பக்கமே போகவில்லை. புறக்கடைக் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, மீசைக்கு எண்ணெய் வைத்து, கடைசி முறையாக முறுக்கினார். நோம்பி முடிந்து குப்பாயி சனிக்கிழமை கடைசி பஸ்ஸுக்கே வந்துவிட்டாள் போலிருந்தது. அவர் எழுந்திருப்பதற்கு முன்பே வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தாள். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சௌந்திரம் ஒறம்பரைக்கு இட்லி அவித்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு வேலுமணி வந்தார். கூடவே சங்கத்துக்காரர்கள் நாலு பேர். கடைசியாகச் சலூன் மாதையன், கையில் தகரப் பெட்டியோடு. எல்லாரும் ஹாலுக்குள் கால் வைத்ததும் அண்ணாந்து பார்த்தார்கள். சுவரும் கூரையும் கருப்பு. தரை மட்டும் துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருந்தது. தரை எப்படிச் சுத்தமானது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் தரையைப் பற்றி எப்போதும் யாரும் கேட்டதில்லை.

"வா பங்காளி. காப்பி சாப்பிடு."

"காப்பி பொறவு. கதவு மொதல்ல."

மயில்சாமி போர்வையை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கதவை இழுத்தார்.

எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

"இது வேற அடுப்பு," என்றது வேலுமணியின் குரல்.

மயில்சாமி கண்ணைத் திறந்தார். உள்ளே ஒரு மீசை தெரிந்தது. அது தன் மீசை என்று புரிய அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. மேல், கீழ், பக்கவாட்டு எல்லாம் பளபளவென்று இருந்தன. வேலுமணி டார்ச் அடித்தார். கையை விட்டுத் தடவினார். கைப்பிடியின் அடியில் குனிந்து பார்த்தார். முலாம் போயிருந்தாலும், ஆணியால் போட்ட கீறல் அங்கேயே இருந்தது.

"இதே அடுப்புதான்," என்றார், பாதிக் குரலில். பிறகு பிடி கிடைத்ததுபோல நிமிர்ந்தார். "அப்புறம் செவுரெல்லாம் ஏன் இப்படிக் கருத்துக் கெடக்குது?"

மயில்சாமி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ரிக் தொழிலில் இருப்பவருக்குப் பதில் நுனி நாக்கில் இருக்கும்.

"உள்ள இருந்த அழுக்கு எங்க போவும் பங்காளி? வெளிய தள்ளித்தான ஆவோணும்? நீ ஊத்துன வெல்லம் பூராவும் பாரு, கூரையில இருக்குது."

சங்கத்துக்காரர் ஒருவர் சுவரைத் தொட்டு மோந்து பார்த்தார். "ஆமாங்க. கோழி வாசம் வருது," என்றார்.

மயில்சாமிக்கு மூன்று நாள் புகையும் மறந்துபோயிற்று. நெஞ்சு நிமிர்ந்தது. மீசை தானாகவே மேலே போனது.

"அமெரிக்காக்காரன் சும்மா இல்லீங்க. நாமதான் அவசரப்படறோம். மூணு நாள் அது யோசனை பண்ணியிருக்குது. எத்தனை அழுக்கு, எங்கெங்க இருக்குதுன்னு கணிச்சு, தோது பாத்துக் கழுவிக்கிருச்சு. ஒரு மனுசன் கை படலை. இந்தக் காலத்துல இனி ஆளே வேண்டியதில்லை, தெரிஞ்சுக்குங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். வேலுமணி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மாதையன் பெட்டியைத் திறந்தான்.

"வுட்டுருவோம் பங்காளி. வெளையாட்டுக்குச் சொன்னதுதான," என்றார் மயில்சாமி, வேலுமணி ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரிந்தே.

"சொன்னா சொன்னதுதான்," என்றார் வேலுமணி. "மாதையா, எடு."

மாதையன் சோப்பு நுரை போட்டான். கத்தியைத் தோல் வாரில் தீட்டினான். இடது பக்கத்தை ஒரே இழுப்பில் எடுத்துவிட்டான். முப்பது வருஷத்து மீசையில் பாதி, வேலுமணியின் வெள்ளை வேட்டியில் விழுந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சங்கத்துக்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். மயில்சாமிக்கே ஒரு கணம் மனசு இளகிவிட்டது.

"குப்பாயி, எல்லாருக்கும் மோர் கொண்டா," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

குப்பாயி தட்டில் டம்ளர்களோடு வந்தாள். வலது பக்கத்துக்குப் போவதற்கு முன்னால் மாதையன் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு ஒரு டம்ளரை எடுத்தான். தினமும் நாலு பேர் முகத்தையும் கையையும் பார்க்கிற தொழில் அவனுக்கு. அவள் விரல்களில் கண் நின்றது. நகக்கண்ணெல்லாம் கருப்பு. இரண்டு விரலில் துணி சுற்றியிருந்தது.

"ஏனாத்தா, நோம்பிக்குப் போயிட்டு வந்த கையா இது? என்ன பண்ணி வெச்சிருக்கறே?"

குப்பாயி தட்டை ஒரு கையில் மாற்றிக்கொண்டு அடுப்பைக் காட்டினாள்.

"அதை ஏனுங்க கேக்கறீங்க, ரெண்டு வருசமாத் தெனமும் விடியால வந்ததும் ஒரே தேய்ப்புல போயிரும், நாலு நாள் நான் இல்லீன்னதும் ஒருத்தருமே தேய்க்காமப் போட்டு வெச்சதுல இன்னைக்கு இந்தப் பொட்டிக்கு மட்டும் மூணு மணி நேரமாச்சுங்க சாமி."